பெங்களூரில் லினக்ஸ் பயனர் குழு எதுவும் உயிரோடு இருக்கிறதா?

சாத்தூர்க்காரன் | 25 அக்டோபர் 2025, இரவு 10.12

வணக்கம். சொந்த ஊர் சாத்தூர், எட்டு மாதமாக அல்சூரில் வாசம். 2013 முதல் 2017 வரை சென்னையில் படித்தபோது, இரண்டாம் சனிக்கிழமை வந்தால் ஐஎல்யூஜிசி என்ற சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்துக்குப் போய்விடுவேன். 1998 ஜனவரியில் தொடங்கிய குழு அது. பாதிப் பேச்சு எனக்குத் தலைக்கு மேலே போகும். ஆனால் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசும் முக்கால் மணி நேரத்தில் கற்றதுதான் இன்றைக்குச் சோறு போடுகிறது.

இங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா? மென்பொருள் ஊராயிற்றே, தெருவுக்கு ஒன்று இருக்கும் என்று நினைத்து வந்தேன். தேடினால் பழைய பெயர்களும் பழைய போட்டோக்களும்தான் அகப்படுகின்றன. மீட்டப் என்று தேடினால் வாரத்துக்குப் பத்து வருகிறது. போய்ப் பார்த்தால் மேடை, ஸ்லைடு, பீட்சா, கடைசியில் "எங்களிடம் வேலை காலி இருக்கிறது".

எனக்கு வேண்டியது, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்று கேட்கிற இடம். இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் மட்டும் மூன்று லேப்டாப்புகள் 11-க்குப் போக முடியாமல் நிற்கின்றன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் அவை பிழைக்கும். வீட்டு ஓனர் அம்மா, "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே" என்று என் கதவைத் தட்டுகிறார்.

கேஆர்புரம்_கெர்னல் | 25 அக்டோபர், இரவு 10.47

லக் (அதிர்ஷ்டம்) இருந்தால்தான் நண்பா லக் (லினக்ஸ் யூசர் குரூப்) கிடைக்கும்.

நிஜமாகக் கேட்கிறேன், புதிதாக எதற்கு? கட்டற்ற மென்பொருளுக்கான ஃபாஸ் யுனைடெட் அமைப்பு 2020-இலிருந்து இருக்கிறது. பெங்களூரில் கூட்டம் போடுகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை இந்தியாஃபாஸ் மாநாடும் நடத்துகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு எஃப்எஸ்எம்கே என்ற கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கிறது. சந்தேகம் கேட்கத்தான் இடம் வேண்டும் என்றால் சாட்பாட் பத்து விநாடியில் பதில் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமையை சில்க் போர்டு சிக்னலில் தொலைத்துவிட்டு வந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்.

அப்புறம் விண்டோஸ் 10 விஷயத்தில் ஓனர் அம்மாவை ரொம்பப் பயமுறுத்தாதீர்கள். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்.

சாத்தூர்க்காரன் | 25 அக்டோபர், இரவு 11.05

ஃபாஸ் யுனைடெட் கூட்டத்துக்கு இரண்டு முறை போனேன். நல்ல கூட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது மென்பொருள் செய்பவர்களின் கூட்டம். "என் பிரிண்டர் ஓடவில்லை" என்று அங்கே எழுந்து கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும். ஓனர் அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது?

பழையமோடம் | 26 அக்டோபர், காலை 6.30

தம்பி, காலை காபிக்கு முன்னால் இதைப் படித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1999-இல் இங்கே வந்தேன். அப்போது லினக்ஸ் போடுவது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாரை வார்ப்பது. திரையில் ஜன்னல்களையும் படங்களையும் காட்டும் எக்ஸ்-ஐக் கிளப்ப மானிட்டரின் கிடைமட்ட ஸிங்க் எண்ணைக் கையால் எழுதித் தர வேண்டும். தப்பான எண் கொடுத்தால் மானிட்டர் புகைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மோடம் இன்னொரு தலைவலி. உள்ளே செருகும் மலிவு மோடங்களில் பாதி வேலையை விண்டோஸ்தான் செய்யும், லினக்ஸில் வாயே திறக்காது. சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் வைத்திருப்பவன் அன்றைக்குப் பணக்காரன். சிடி எங்கிருந்து வரும்? பிசி குவெஸ்ட் பத்திரிகை 1996-இல் லினக்ஸ் சிடியை இதழோடு கொடுத்தது. எங்களில் பலருக்கு அதுதான் விதை. இன்ஸ்டால் ஃபெஸ்ட் (கூடி உட்கார்ந்து லினக்ஸ் நிறுவும் நாள்) என்றால் 14 அங்குல மானிட்டரை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு ஓட்டிப் போவோம். ஒருமுறை ரிச்மண்ட் ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி "டிவி எங்கே திருடினாய்?" என்றார்.

அந்தக் கூட்டத்திலிருந்து வந்ததுதான் 2001-இல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு. 2005-இல் அது 'ஃபாஸ் டாட் இன்' ஆனது. லினக்ஸின் மையமான கெர்னலில் வேலை செய்யும் ஆட்களை நேரில் பார்த்தோம். ஊருக்கே பெருமை. 2012-தான் கடைசி. அதைத் தூக்கிச் சுமந்தவர்களில் முதல் ஆளான அதுல் சிட்னிஸ் 2013 ஜூனில் காலமானார்.

பயனர் குழு ஏன் தேய்ந்தது என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். மாநாட்டினால்தான் என்பது என் கணக்கு. மாநாடு வளர வளர, மாதாமாதம் பெஞ்சு போட்டவர்கள் எல்லாரும் மாநாட்டு வேலைக்குப் போனோம். போகப்போக மாநாடும் பங்களிப்பவர்களின் பக்கம் திரும்பியது. அது சரியான முடிவுதான், நானும் கை தூக்கினேன். ஆனால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று வருகிறவர் உட்கார நாற்காலி இல்லாமல் போனது. இன்னொரு பக்கம் உபுண்டு என்ற சுலபமான லினக்ஸ் வகை வந்துவிட்டது. 2005-இலிருந்து 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாக வீட்டுக்கே அனுப்பினார்கள். நிறுவுவது சுலபமானதும் நிறுவித் தருகிற கூட்டத்துக்கு வேலை குறைந்தது. மிச்சம் இருந்த மின்னஞ்சல் மடற்குழுவில், பதிலை மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் நானும் உண்டு, மறைக்கவில்லை.

ஆகவே கேஆர்புரத்தாருக்கு: சில்க் போர்டைத் தாண்டி வந்து கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. கேள்வி என்னவென்றே தெரியாதவரின் கேள்வி. அதை எந்தப் பெட்டியில் தட்டச்சு செய்வார்?

நிலா_பாஷ் | 26 அக்டோபர், காலை 9.15

மோடம் சார், போலீஸ் கதைக்கு நன்றி.

எனக்கு லினக்ஸ் அறிமுகம் ஆனது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில். பூட் ஆகும்போது விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். வகுப்பில் எல்லாரும் முதலாவதைத்தான் அமுக்குவார்கள். விண்டோஸ் வைரஸில் படுத்த ஒரு நாள் நான் இரண்டாவதை அமுக்கினேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. சொல்லித்தர யாரும் இல்லை. ஒரு வருடம் கழித்துத்தான் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்று ஒன்று இருப்பதே தெரியும்.

நான் வருகிறேன். ஆனால் மூன்று விஷயம். கூட்டம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும். கழிப்பறை இருக்க வேண்டும், சிரிக்காதீர்கள், போன முறை ஒரு கூட்டத்தில் நான்கு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது, நான் கேள்வி கேட்கும்போது என் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்கித் தானே அடித்துக் காட்டுபவர் யாரும் வேண்டாம். சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்.

ஓசூர்_தோழர் | 26 அக்டோபர், காலை 11.02

மூன்றாவதைச் சட்டமாகவே வைக்கலாம் தோழர்.

நான் ஓசூர். ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்ததிலிருந்து ஊருக்குள் வருவது சாத்தியமாகிவிட்டது. பொம்மசந்திரா வரை பஸ், ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாற்றம், மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு, அல்சூரில் இறங்கிவிடலாம்.

ஒரு யோசனை. விழுப்புரத்தில் ஒரு குனு/லினக்ஸ் குழு சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் ஜிட்சி வீடியோ அழைப்பில் கூடுகிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம், முழுக்கத் தமிழ். இரண்டுமே பெரிய ஊர் கிடையாது. இருந்தும் விடாமல் நடத்துகிறார்கள், தேதியை மாற்றுவதில்லை. நாமும் கூட்டத் தேதியை முதலில் முடிவு செய்துவிடலாம். நாம் மதியம் வைப்போம்.

மர்ஃபிடவுன் | 26 அக்டோபர், மதியம் 1.20

நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான், மர்ஃபி டவுன். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவேன், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். இந்தப் பதிவை நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். (அவள் சேர்ப்பது: இவர் பெங்களூர்த் தமிழில் சொல்வதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.)

ஒன்று கேட்கிறேன். தமிழ்க் குழுவா, பெங்களூர்க் குழுவா? என் ஃபிரெண்டு கன்னடக்காரன், மெக்கானிக், அவனுக்கும் லேப்டாப் பிரச்சினை. அவன் வந்தால் வாசலில் நிறுத்துவீர்களா?

*[இதற்கு வந்த 23 பதிலில் 17 நீக்கப்பட்டன. ஊர்ச் சண்டையை வேறெங்காவது போடுங்கள். – மட்டுறுத்துநர்]*

பழையமோடம் | 26 அக்டோபர், இரவு 8.40

நீக்கியதற்கு நன்றி. இருபத்தாறு வருடம் இந்த ஊரின் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். வருகிறவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அந்த மொழியில் தெரிந்தவர் பதில் சொல்லட்டும். லினக்ஸின் மெனுவும் எழுத்துருவும் கன்னடத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. அறிவிப்புத் தாளில் கன்னடம் மேலே, தமிழ் கீழே. மர்ஃபிடவுன், கன்னடத்தில் எழுதித் தருவது உங்கள் பொறுப்பு. அதற்கு மனைவி உதவி தேவைப்படாது.

மர்ஃபிடவுன் | 26 அக்டோபர், இரவு 9.02

ஆய்த்து சார், எழுதித் தருகிறேன். இடமும் சொல்கிறேன். என் தங்கை ஜோகுபாளையத்தில் மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறாள். ஞாயிறு மதியம் காலி. பெஞ்சு, ஃபேன், கரும்பலகை, பாத்ரூம் எல்லாம் இருக்கிறது. மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். பெருக்கிவிட்டுப் போனால் போதும், வாடகை வேண்டாம் என்கிறாள். ப்ளக் பாயின்ட் இரண்டே இரண்டு.

*[குழுவுக்குப் பெயர், லோகோ, அரட்டைக்கு டெலிகிராமா மேட்ரிக்ஸா என்ற 41 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. லினக்ஸின் சின்னமான பெங்குவினுக்குத் தலைப்பாகை கட்டுவதா என்பதை அங்கே பேசிக்கொள்ளுங்கள். – மட்டுறுத்துநர்]*

சாத்தூர்க்காரன் | 1 நவம்பர், மாலை 7.30

பெயர் இன்னும் வைக்கவில்லை, நாள் வைத்துவிட்டேன். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, மதியம் 3 முதல் 6. முதல் கூட்டம் நவம்பர் 16. லேப்டாப்போடு வருகிறவர்களிடம் முன்கூட்டியே என்ன சொல்லி வைக்க வேண்டும்? பத்து வருடமாக என் கணினிகளில் மட்டும் போட்டவன் நான். ஊரார் கணினியில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

கேஆர்புரம்_கெர்னல் | 1 நவம்பர், இரவு 9.50

பயம் நல்லதுதான். புதிதாக எதற்கு என்றுதான் கேட்டேன், ஆனால் நீங்கள் சொதப்புவதை வேடிக்கை பார்க்கவாவது வருவேன் போலிருக்கிறது. அதற்கு முன்னால் நான் அடிபட்டுக் கற்றது கொஞ்சம்.

டேட்டா வேறு வட்டில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். "முக்கியமா ஒண்ணும் இல்லை தம்பி" என்பார்கள். பேத்தியின் காதுகுத்து போட்டோ உள்ளேதான் இருக்கும். அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸின் வட்டுப் பூட்டு. உரிமையாளருக்கே தெரியாமல் பல லேப்டாப்புகளில் குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் கிளம்பும் கணினியின் அடிப்படை அமைப்பில்) ஒன்றை மாற்றினாலும் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவியை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் இருக்கட்டும் என்பவருக்கு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் முழுசாக மூடாது, லினக்ஸ் அந்தப் பகுதியில் எழுத மறுக்கும்.

11-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து வந்த சில மாடல்களில் நிறுவியின் கண்ணுக்கு வட்டே தெரியாது. பயாஸில் வட்டுகளைக் கையாளும் விஎம்டி என்று ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைத்தால் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர் என்றால் அதைச் சும்மா அணைக்கக் கூடாது, விண்டோஸ் எழுந்திருக்காது. முதலில் சேஃப் மோடுக்குப் போகும்படி அமைத்துவிட்டு, பிறகு அணைத்து, சேஃப் மோடில் ஒருமுறை கிளப்பிய பின் பழையபடி மாற்ற வேண்டும்.

வைஃபை ஓடாவிட்டால் பதற வேண்டாம். போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் இணையப் பகிர்வு) போட்டால் பெரும்பாலான லினக்ஸில் இணையம் வந்துவிடும், அதை வைத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். பழைய பிராட்காம் வைஃபை அட்டைகள் பலவும் இந்த வழிக்குத்தான் வரும்.

சாத்தூர்க்காரன் | 16 நவம்பர், இரவு 9.20

முதல் கூட்டம் முடிந்தது. வந்தவர்கள் ஏழு பேர். வருகிறேன் என்று கை தூக்கியவர்கள் முப்பத்தி நான்கு.

ஓனர் அம்மாவின் லேப்டாப் 7-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஒரே ஒரு தலைமுறைக் குறைவுக்கு நல்ல கணினியைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். லினக்ஸ் மிண்ட் போட்டோம். உண்மையில் அதன் நோய் விண்டோஸே இல்லை, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். மர்ஃபிடவுன் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்திருந்த எஸ்எஸ்டியை மாட்டியதும் அம்மா, "இது என்னோடதுதானா?" என்று திருப்பிப் பார்த்தார். (விண்டோஸையே அந்த எஸ்எஸ்டியில் போட்டிருந்தாலும் வேகமாகத்தான் இருந்திருக்கும் என்பதையும் சொன்னேன். பொய் சொல்லி லினக்ஸ் விற்கக் கூடாது.)

கன்னட மெக்கானிக் நண்பரின் நெட்புக்கில் இருப்பது 32 பிட் இன்டெல் ஆட்டம் சிப். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கு நிறுவியே கிடையாது. டெபியன் 12 போட்டோம். யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது. வண்டிகளின் சர்வீஸ் கையேட்டு பிடிஎஃப் திறந்தால் போதும் என்றார், திறக்கிறது.

இனிமேல் தோல்வி. ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடை. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், ஆயிரக்கணக்கான பழைய கோப்புகள். "லினக்ஸ் போட்டா வைரஸ் வராதாமே" என்று ஆசையாகக் கேட்டார். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக முயன்றோம். பேஜ்மேக்கர் திறந்தது, ஆனால் புள்ளிகள் இடம் மாறி உட்கார்ந்தன. பேஜ்மேக்கருக்கு மாற்றான ஸ்கிரைபஸ் 1.6 இப்போது தமிழை ஒழுங்காகவே காட்டுகிறது. ஆனால் முப்பது வருடக் கோப்புகளை அதில் யார் மறுபடி அமைப்பது? முகூர்த்த மாதத்தில் அவர் பிழைப்பில் விளையாடச் சொல்கிறீர்களா? ஓசூர்த் தோழருக்கு வருத்தம். கட்டற்ற மென்பொருளுக்கு ஓர் ஆள் குறைகிறாரே என்றார். கடைசியில் மோடம் சார் முடித்து வைத்தார்: விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், கோப்புகளை இரண்டு வட்டில் நகல் எடுங்கள். நகல் எடுத்துக் கொடுத்தோம். பெரியவர் போகும்போது எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ப்ளக் பாயின்ட் இரண்டு, லேப்டாப் ஆறு. அடுத்த முறை நீள ஒயர் பெட்டி கட்டாயம்.

ஓசூர்_தோழர் | 16 நவம்பர், இரவு 10.05

வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் கேபிளைப் பிடுங்கியது நான்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியை | 23 நவம்பர், காலை 10.30

வணக்கம். விவேக் நகரில் இருக்கிறேன், வயது 71. என் கணவர் எழுதிய கட்டுரைகள் பழைய மலர்களிலும் சிற்றிதழ்களிலுமாக வீட்டில் கிடக்கின்றன, ஏறத்தாழ நானூறு பக்கம். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். கடையில் தட்டச்சுக்குக் கேட்ட தொகை என் ஓய்வூதியத்துக்குத் தாளாது. நானே அடிக்கலாம் என்றால் கைப்பேசியில் ஒரு விரலால் அடித்துத்தான் பழக்கம். இது உங்கள் கூட்டத்துக்கு உரிய கேள்வியா என்று தெரியவில்லை.

நிலா_பாஷ் | 23 நவம்பர், காலை 10.41

இதற்காகத்தான் அம்மா கூட்டமே. இதழ்களை எடுத்து வாருங்கள், ஆட்டோவுக்கு நான் விவேக் நகர் வந்துவிடுகிறேன்.

நிலா_பாஷ் | 21 டிசம்பர், இரவு 8.55

இரண்டாம் கூட்டத்தின் அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினொரு பேர். ஒயர் பெட்டி மூன்று வந்தது, யாரும் டீக்குப் பால் வாங்கி வரவில்லை.

ஆசிரியை அம்மாவின் வேலைதான் அன்றைக்குப் பெரியது. இதழ்களை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்டில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டோம். நன்றாக அச்சான பக்கங்கள் ஆச்சரியமாக வந்தன, வரிக்கு ஓரிரு பிழைதான். மலிவுத் தாளில் பின்பக்க மை தெரிகிற பக்கங்கள் குழம்பிவிட்டன. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொஞ்சம் சுத்தம் செய்தபின் தேறின. பழைய 'ணை', 'லை', 'ளை' தும்பிக்கை எழுத்துகள் இருக்கும் பக்கங்களை அது கண்டபடி படிக்கிறது. அவற்றைக் கையால் திருத்துவது தவிர வழியில்லை.

திருத்துவதற்கு, லினக்ஸில் தட்டச்சு மொழியை மாற்றும் ஐபஸில் எம்17என் வழியாகத் தமிழ்99 போட்டுக் கொடுத்தோம். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய விசைப்பலகை. அம்மா பத்து நிமிடம் விசைகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'க'-வை இரண்டு தடவை அடித்தார். 'க்க' என்று புள்ளி தானாக விழுந்தது. "இதைச் செய்தவன் இலக்கணம் படித்தவன்" என்றார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு விபத்தும் நடந்தது. அதைச் செய்தவரே எழுதட்டும்.

கேஆர்புரம்_கெர்னல் | 21 டிசம்பர், இரவு 11.30

எழுதுகிறேன்.

கல்லூரிப் பையன் ஒருவனின் கணினிக்காக வென்டாய் என்ற மென்பொருளால் லினக்ஸ் நிறுவும் பென் டிரைவ் தயார் செய்தேன். என் லேப்டாப்பில் இரண்டு பென் டிரைவ் செருகியிருந்தது, இரண்டுமே 32 ஜிபி, ஒரே கம்பெனி. எல்லாம் அழியும் என்று எச்சரிக்கை வந்தது, "இரண்டு தடவை கேட்கிறான் பார்" என்று கிண்டல் வேறு செய்துகொண்டு சரி என்றேன். அது அவன் பென் டிரைவ். பாட்டி வீட்டுப் போட்டோக்கள், இரண்டு செமஸ்டர் நோட்ஸ். "கண்ணால் பார்க்காமல் தொடாதீர்கள்" என்று மேலே பிரசங்கம் செய்தவன் நான்தான், தேடிப் பார்க்க வேண்டாம்.

நல்லவேளையாக, வென்டாய் போட்ட பிறகு லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பு எதையும் நகலெடுக்கவில்லை. உடனே பிடுங்கி, முழு டிரைவையும் ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் மேல், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் ஓட்டினேன். போட்டோக்கள் பெரும்பாலும் மீண்டன, கோப்புப் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. நோட்ஸில் பாதி காலி. மன்னிப்புக் கேட்டேன். பையன், "பரவாயில்லை அண்ணா, நோட்ஸ் ஃபிரெண்டுகிட்ட இருக்கு" என்றான். அந்தப் 'பரவாயில்லை' இன்னும் உறுத்துகிறது. அடுத்த கூட்டத்திலிருந்து பென் டிரைவ் தயாரிக்க ஒரு தனிக் கணினி, அதில் ஒரே ஒரு யூஎஸ்பி துளை. மற்றதெல்லாம் டேப் போட்டு ஒட்டப்படும்.

மர்ஃபிடவுன் | 22 டிசம்பர், காலை 8.10

டேப் நான் வாங்குகிறேன் குரு. (மனைவி: இதை அவரே தட்டச்சு செய்தார். தமிழ்99. பதினான்கு நிமிடம்.)

சாத்தூர்க்காரன் | 16 ஜனவரி 2026, மாலை 6.15

பொங்கலுக்கு ஊரில் இருக்கிறேன். திரும்ப ரயிலில் இடம் கிடைத்தது 19-க்குத்தான். நிலா திருச்சியில், கேஆர்புரத்தார் தஞ்சாவூரில். 18-ஆம் தேதிக் கூட்டத்தை 25-க்குத் தள்ளிவிடலாமா?

பழையமோடம் | 16 ஜனவரி, மாலை 6.40

தள்ள வேண்டாம் தம்பி. மூன்றாம் ஞாயிறு என்று தாளில் போட்டு ஒட்டியிருக்கிறோம். சாவி என்னிடம் இருக்கிறது. யாரும் வராவிட்டால் நான் சுடோகு போட்டுவிட்டு வருகிறேன்.

ஓசூர்_தோழர் | 18 ஜனவரி, இரவு 8.30

நானும் மோடம் சாரும் மட்டும். மூன்றிலிருந்து ஐந்தரை வரை அவர் எனக்குச் சீரியல் போர்ட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். கேட்காமலே. ஐந்தரைக்கு ஒருவர் மாடி ஏறி வந்தார். கீழே டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாராம், கன்னடப் பாதியைப் படித்துவிட்டு. இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

புதியவர்_3847 | 18 ஜனவரி, இரவு 9.47

வணக்கம். இன்று வந்தது நான்தான். சிவாஜிநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது டெஸ்க்டாப். அடுத்த மாதம் சிபியூவை மட்டும் ஆட்டோவில் கொண்டு வந்தால் போதுமா? அங்கே மானிட்டர் கிடைக்குமா?

பழையமோடம் | 18 ஜனவரி, இரவு 9.52

மானிட்டர் நான் கொண்டு வருகிறேன். விஜிஏ கேபிள் மட்டும் எடுத்து வாருங்கள், என்னுடையதில் ஒரு முள் வளைந்திருக்கிறது. பிப்ரவரி 15, மூன்று மணி.